எடையை எங்கிருந்து எடுப்பது?

பழைய ஸ்போர்ட்ஸ் காரை எங்கள் பட்டறைக்குக் கொண்டுவருபவர்களில் பெரும்பாலானோர் முதலில் சொல்வது, “எல்லாவற்றையும் கார்பனாக மாற்றிவிடுங்கள்” என்பதுதான். அடுத்து, எத்தனை கிலோ குறையும் என்று கேட்பார்கள். அந்த எடை காரின் எந்த இடத்திலிருந்து குறையப்போகிறது என்று கேட்பவர்கள் அபூர்வம். என்னைக் கேட்டால், இந்தத் தொழிலில் உருப்படியான கேள்வி அது ஒன்றுதான்.

நான் கோயம்புத்தூர்க்காரன். ஃபவுண்டரிகளுக்குப் பேட்டர்ன் செய்துகொடுக்கும் கடையில் மரம் இழைத்துத் தொழில் பழகியவன். இப்போது இங்கிலாந்தில், சில்வர்ஸ்டோன் பந்தயத் தடத்துக்குப் பக்கத்து ஊர் ஒன்றில், பழைய கார்களுக்கு கார்பன் ஃபைபர் பேனல் செய்கிறேன். இந்த வட்டாரத்தில் தடுக்கி விழுந்தால் பந்தயக் கார் பட்டறை. மெர்சிடிஸ் ஃபார்முலா ஒன் அணி இருக்கும் பிராக்லியும் இங்கேதான் இருக்கிறது. அதனால் கார்பன் துணியும் பிசினும் பழகிய கைகளுக்கு இங்கே பஞ்சமில்லை. என்னோடு வேலை பார்க்கும் தம்பி யாழ்ப்பாணத்துக்காரர், காது ரொம்பக் கூர்மை. இந்த வேலைக்குக் காது எதற்கு என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

சென்ற வருஷம் வந்த ஒரு காரை வைத்தே விஷயத்துக்கு வருகிறேன். 1972 மாடல் போர்ஷே 911. சொந்தக்காரர் ஓய்வுபெற்ற பல் டாக்டர். 911-ஐப் பார்த்திராதவர்களுக்காக ஒரு வார்த்தை: இதில் இன்ஜின் பின்சக்கரங்களுக்கும் பின்னால் தொங்கிக்கொண்டிருக்கும். டிக்கியும் பெட்ரோல் டேங்க்கும் முன்னால். ஆகவே காரின் எடையில் ஏறக்குறைய 60 சதவீதம் பின்சக்கரங்கள் மேல்தான். 1976 மாடலிலிருந்துதான் போர்ஷே பாடி முழுவதற்கும் துத்தநாகம் பூசிய தகட்டைப் பயன்படுத்தியது. அதற்கு முந்தைய கார்களைத் துரு சும்மா விடுவதில்லை. டாக்டரின் காரில் முன் ஃபெண்டர் இரண்டிலும் ஹெட்லைட்டைச் சுற்றி ஸ்க்ரூடிரைவர் உள்ளே இறங்கியது. பானெட்டில் எப்போதோ செய்த டிங்கரிங் வேலை. காந்தத்தை வைத்தால் ஒட்ட மறுக்கிறது, அவ்வளவு பட்டி.

இதையெல்லாம் தூக்கிப்போட்டுவிட்டுக் கூரை, கதவு, பின்பக்க பேனல் உட்பட அத்தனையும் கார்பனில் வேண்டும் என்றார். பந்தயத்துக்கா? இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஓட்ட.

முதலில் கார்பன் ஃபைபர் எப்படி வருகிறது என்று பார்த்துவிடலாம். ஸ்வெட்டருக்குப் பயன்படும் அக்ரிலிக் நூலின் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு நூலை முதலில் 200 முதல் 300 டிகிரி செல்சியஸ் வரை காற்றில் வாட்டுகிறார்கள். பிறகு ஆக்சிஜன் இல்லாத உலையில் 1000 டிகிரிக்கு மேல் சுடுகிறார்கள். மற்றதெல்லாம் ஆவியாகிப் போக, கரி மட்டும் இழையாக நிற்கும். ஒவ்வொரு இழையும் 5 முதல் 7 மைக்ரான் பருமன். 1960-களின் தொடக்கத்தில் ஜப்பானில் அகியோ ஷிண்டோவும், இங்கிலாந்தில் ஃபார்ன்பரோ விமான ஆய்வுக்கூடத்தாரும் இந்த வழியைத் திறந்தார்கள். 3000 இழைகளைச் சேர்த்து ஒரு கற்றை, கற்றைகளைத் தறியில் நெய்து துணி, துணியில் எபாக்ஸி பிசின் ஏற்றி இறுக வைத்தால் பேனல்.

எடைக் கணக்கு இதுதான். காரின் வெளித்தகடு சுமார் 0.8 மில்லிமீட்டர் இரும்பு என்று வைத்துக்கொள்வோம். ஒரு சதுர மீட்டர் 6.3 கிலோ வரும். கார்பன் துணியில் செய்த பேனல், வளைவதை எதிர்ப்பதில் இரும்பைவிடப் பலவீனம்தான். அதன் விறைப்பு மூன்றில் ஒரு பங்கு சொச்சம். ஆனால் ஒரு தகட்டின் பருமனை இரண்டு மடங்காக்கினால் விறைப்பு எட்டு மடங்காகும். ஆகவே பருமனை 1.2 மில்லிமீட்டராக்கினாலே இரும்புக்கு ஈடாகிவிடுகிறது. அப்போது சதுர மீட்டருக்கு எடை 1.9 கிலோ. அலுமினியத்தில் இதே கணக்கைப் போட்டால் 3 கிலோ சொச்சம் வரும்.

பிரமாதம்தான். ஆனால் முழுக் காருக்கும் போட்டுப் பாருங்கள். கழற்றக்கூடிய பேனல்கள் எல்லாமாகச் சேர்த்து 4 சதுர மீட்டர் என்று வைத்தால், 25 கிலோ இருந்த இடத்தில் 8 கிலோ. மிச்சம் 17 கிலோ. உள்சட்டங்களையும் கணக்கில் சேர்த்தால் இன்னும் கொஞ்சம் கூடும். ஆயிரம் கிலோவுக்கு மேல் நிற்கும் காரில் இது ஏறக்குறைய இரண்டு சதவீதம்தான். கார்பனை மாட்டினால் கார் பறக்கும் என்று நினைத்து வருகிறவர்களிடம் இந்தக் கணக்கைத் தாளில் எழுதிக் காட்டுவேன். பாதிப் பேருக்கு முகம் வாடிவிடும். டாக்டருக்கு வாடவில்லை, அந்த 17 கிலோ எங்கே இருக்கிறது என்று கேட்டார். நல்ல மனுஷர் என்று அப்போதுதான் நினைத்தேன்.

போர்ஷே கம்பெனிக்கே இந்தக் கேள்வி தலைவலியாக இருந்திருக்கிறது. 911 வந்த புதிதில் முன்பக்கம் எடை போதாமல், வேகமாகத் திரும்பும்போது பின்பக்கம் முந்திக்கொண்டு வரும் குணம் இருந்தது. 1960-களின் நடுவில் அவர்கள் செய்த வைத்தியம், முன் பம்பரின் இரு மூலைகளுக்குள்ளும் 11 கிலோ வார்ப்பிரும்புக் கட்டி ஒவ்வொன்றை ஒளித்து வைத்தது! ஸ்போர்ட்ஸ் காரில் எடையைக் கூட்டி ஓட்டத்தைச் சரிசெய்தார்கள். 1969 மாடலில் பின்சக்கரங்களை 57 மில்லிமீட்டர் பின்னால் தள்ளினார்கள். கூடவே ஒரு பெரிய பேட்டரிக்குப் பதில் இரண்டு பேட்டரிகளை முன்மூலைகளில் வைத்தார்கள். 1972-இல் இன்ஜின் ஆயில் டேங்க்கையே பின்சக்கரத்துக்கு முன்னால் கொண்டுவந்தார்கள். ஆயில் ஊற்ற வலது கதவுக்குப் பின்னால், பாடியில் சின்ன மூடி ஒன்று வைத்தார்கள். பெட்ரோல் பங்க் பையன்கள் அதைப் பெட்ரோல் மூடி என்று நினைத்து ஆயில் டேங்க்கில் பெட்ரோலை விட்டுவிட்டார்கள். ஒரே வருஷத்தில் அந்த ஏற்பாடு நின்றுபோனது.

டாக்டரின் காரில் அந்த மூடி இருக்கிறது. ஒரே வருஷ மாடலில் மட்டும் வந்த மூடி அது. அந்தப் பின்பக்க பேனலை அறுத்து எறிந்துவிட்டுக் கார்பன் வைக்கச் சொல்கிறார்! “அதை அறுப்பதென்றால் வேறு பட்டறையைப் பாருங்கள்” என்று சொல்லிவிட்டேன்.

பழமை மட்டும் இதற்குக் காரணமில்லை. 911-இல் பானெட், முன் ஃபெண்டர், இன்ஜின் மூடி, பம்பர், கதவு எல்லாம் போல்ட்டிலோ கீலிலோ நிற்பவை. கழற்றினாலும் காரின் எலும்புக்கூடு அப்படியே இருக்கும். கூரையும் பின்பக்க பேனல்களும் வெல்டிங்கில் சேர்ந்தவை. கார் முறுக்காமல் நிற்பதில் அவற்றுக்குப் பங்கு உண்டு. அவற்றை எடுத்துவிட்டுக் கார்பனை ஒட்டுவதானால், ஒட்டும் பசை, ஒட்டின் அகலம், எந்தத் திசையில் எத்தனை அடுக்கு என்று இன்ஜினியர் கணக்குப் போட்டாக வேண்டும். வசதியுள்ளவர்கள் அதைச் செய்கிறார்கள். கலிஃபோர்னியாவில் ராப் டிக்கின்சன் தொடங்கிய ‘சிங்கர்’ நிறுவனம் 1989 முதல் 1994 வரை வந்த 964 வகை 911-ஐ எடுத்து, பாடியைக் கார்பனில் மறு ஆக்கம் செய்து உலகப் புகழ் பெற்றது. டிக்கின்சன் முன்னாளில் ராக் பாடகர். போர்ஷேயின் பந்தய இன்ஜினியர் நார்பர்ட் சிங்கருக்கும் அந்தப் பெயரில் மரியாதை உண்டு. வில்லியம்ஸ் நிறுவன இன்ஜினியர்களோடு சேர்ந்து அவர்கள் 2018-இல் காட்டிய கார் வெறும் 990 கிலோ; மொத்தம் 75 கார்கள்தான். கவனிக்க வேண்டியது, அவர்களுடைய வழக்கமான கார்களில் கதவை மட்டும் இரும்பிலேயே விட்டார்கள் என்பதுதான். பக்கவாட்டில் இன்னொரு வண்டி வந்து மோதினால் உங்கள் இடுப்புக்கும் அதற்கும் நடுவில் இருப்பது கதவு ஒன்றுதான்.

மோதல் என்றதும் கார்பனின் குணத்தைச் சொல்ல வேண்டும். இரும்பு மடங்கும். கார்பன் ஓர் எல்லை வரை அசையாமல் நிற்கும், அதைத் தாண்டினால் நொறுங்கும். ரோல்ஸ் ராய்ஸ் நிறுவனம் ஆர்.பி.211 விமான இன்ஜினுக்கு கார்பன் விசிறி இதழ்கள் செய்து பார்த்தது. பறவை மோதும் சோதனையில் அவை சிதறின, டைட்டானியத்துக்கு மாறினார்கள். அந்த இன்ஜின் இழுத்த செலவில் 1971-இல் கம்பெனியே திவாலானது. பத்தே வருஷம் கழித்து, 1981-இல், ஜான் பார்னார்ட் வரைந்த மெக்லாரன் எம்.பி.4/1 பந்தயக் காரின் உடற்கூடு முழுவதும் கார்பன். மோன்சாவில் ஜான் வாட்சன் அதைத் தடுப்பில் மோதினார். இன்ஜின் பிய்ந்து தனியே போனது. அவர் நடந்து வந்தார். இழைகளை எந்தத் திசையில், எத்தனை அடுக்காகப் போட்டார்கள் என்பதிலும் இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு. கார்பன் என்ற பெயரை மட்டும் வைத்து எதையும் நம்பவும் வேண்டாம், பயப்படவும் வேண்டாம்.

பழைய காருக்கு இந்தப் பொருள் அந்நியம் என்று முகம் சுளிப்பவர்களுக்கு ஒரு தகவல். 1968-லும் 1969-லும் லே மான் 24 மணி நேரப் பந்தயத்தை வென்றது ஒரே ஃபோர்டு ஜி.டி.40 கார், அதன் எண் பி/1075. இங்கிலாந்தின் ஸ்லவ் ஊரில் தயாரான அந்தக் காரின் கண்ணாடியிழை பாடிக்குக் கார்பன் இழைகளைக் கொண்டு வலுவூட்டியிருந்தார்கள். டாக்டரின் 911 பிறப்பதற்கும் முந்திய சங்கதி அது.

கடைசியில் டாக்டரும் நானும் ஒத்துப்போனது இப்படி: பானெட், முன் ஃபெண்டர் இரண்டு, இன்ஜின் மூடி, முன்பின் பம்பர்கள் கார்பனில். கதவு, கூரை, பின்பக்கம் இரும்பிலேயே. முன்மூலைகளில் உள்ள இரண்டு பேட்டரிகளையும் எடுத்துவிட்டு எடை குறைந்த லித்தியம் பேட்டரி ஒன்றை வைக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை இருந்தது. வேண்டாம் என்றேன். பானெட்டையும் ஃபெண்டரையும் இளைக்க வைத்து முன்பக்கம் ஏற்கெனவே லேசாகிறது. பெட்ரோல் தீரத் தீர இன்னும் லேசாகும். அந்த ஈயப் பேட்டரிகள் அங்கே இருப்பது சும்மா இல்லை.

செய்முறையில் அதிக நேரம் தின்பது கார்பன் வேலை அல்ல. பழைய இரும்பு பேனலைச் சரிசெய்வதுதான். அதைத்தான் அச்சு எடுக்கப்போகிறோம், அதில் உள்ள குழி அச்சிலும் வரும், அச்சிலிருந்து ஒவ்வொரு பேனலிலும் வரும். அதனால் துருவை வெட்டித் தகடு வைத்து, காரிலேயே மாட்டி, கதவோடும் பானெட்டோடும் இடைவெளி சரிபார்த்து, அதற்குப் பிறகுதான் அச்சு. அந்தக் காலத்துக் கார்கள் பாதி கைவேலை. இடது ஃபெண்டரை அளந்து அப்படியே வலதுக்குத் திருப்பிப் போட்டால் பொருந்தாது.

அச்சையும் கார்பனிலேயே செய்கிறோம். அலுமினிய அச்சை 120 டிகிரி அடுப்பில் வைத்தால் மீட்டருக்கு 2 மில்லிமீட்டருக்கு மேல் நீளும். உள்ளே இருக்கும் கார்பனோ கிட்டத்தட்ட நீளவே நீளாது. ஃபெண்டர் ஓரத்தில் 2 மில்லிமீட்டர் என்பது, பெயின்ட் அடித்த பிறகு தெருவின் அந்தப் பக்கத்திலிருந்தே தெரியும் கோணல்.

பிசின் ஏற்றிய துணி சுருளாக, மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரில் இருக்கும். வெளியே எடுத்ததும் உறையைப் பிரிக்கக் கூடாது. அறைச் சூட்டுக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் காற்றின் ஈரம் துணியில் வேர்த்துப் படிந்து, அடுப்பில் ஆவியாகிக் குமிழி விடும். பிறகு வெட்டுவது. 911-இன் ஃபெண்டரில் ஹெட்லைட் மேடு இரண்டு பக்கமும் வளையும் வடிவம். துணியை நேராக வெட்டி அதன் மேல் போர்த்தினால் சுருக்கம் விழும். நம் ஊர் டெய்லர்கள் ரவிக்கைக்கு கிராஸ் கட்டிங் போடுவதைப் போல, துணியை 45 டிகிரி சாய்த்து வெட்டினால் இழைகள் ஒன்றின் மேல் ஒன்று நழுவி மேட்டை அணைத்துக்கொள்ளும். அடுத்த அடுக்கு நேராக, அதற்கடுத்தது மறுபடி சாய்வாக. இழை தன் நீளவாக்கில் மட்டுமே வலு தரும் என்பதால் எல்லாத் திசைக்கும் பங்கு போட வேண்டும்.

அடுக்கிய பின் மேலே பிளாஸ்டிக் பை போட்டு, ஓரம் ஒட்டி, பம்ப்பால் காற்றை உறிஞ்ச வேண்டும். வெளிக்காற்று மட்டுமே சதுர மீட்டருக்குச் சுமார் 10 டன் கணக்கில் அமுக்கும். எங்காவது ஊசித் துளை இருந்தால் ‘ஸ்ஸ்’ என்று சன்னமான சத்தம் வரும். பம்ப்பை நிறுத்திவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓரமாகக் காதை வைத்துப் போனால் அகப்பட்டுவிடும். தம்பியின் காதுக்கு முதல் வேலை இதுதான். அதன் பிறகு ஆட்டோகிளேவ் என்னும் அழுத்த அடுப்பு. 120 டிகிரி சூடு, ஆறு மடங்கு காற்றழுத்தம்.

காதுக்கு இரண்டாவது வேலை நாணயம். டாக்டர் காசை மிச்சம் பிடிக்கலாம் என்று இன்ஜின் மூடி ஒன்றை எங்கிருந்தோ வாங்கிவந்திருந்தார். மேலே கறுப்பு நெசவு பளபளவென்று அழகு. தம்பி ஒரு காசை எடுத்துத் தட்டிக்கொண்டே போனார். டிக், டிக், டிக் என்று கணீரென வந்த சத்தம் ஓரிடத்தில் மந்தமானது.

“அண்ணை, இஞ்ச ஒருக்காத் தட்டிப் பாருங்கோ. பொக்கையாக் கேக்குது.”

தட்டினேன். அடுக்குகளுக்கு நடுவில் காற்று. திருப்பிப் பார்த்தால் பின்பக்கம் முழுக்கச் சாம்பல் நிற பெயின்ட். உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததும் வெள்ளையாகக் கண்ணாடியிழை வந்தது.

“சரி தம்பி, அப்படியே ஓரமா வச்சுருங்க. இது வண்டிக்குப் போகாது.”

கார்பன் என்ற பெயரில் விற்கப்படும் பானெட்டுகளில் இப்படி மேலே ஓர் அடுக்கு மட்டும் கார்பன், கீழே ஃபைபர் கிளாஸ் என்று வருபவை நிறைய. கண்ணாடியிழை தாழ்ந்த சரக்கு அல்ல. 1953 கார்வெட்டின் பாடியே அதுதான். போர்ஷே தன் 1967 பந்தயக் கார் 911 ஆர்-இன் கதவுகளைக்கூட அதில் செய்திருக்கிறது. ஆனால் கார்பன் விலை கொடுத்து அதை வாங்குவானேன்? பின்பக்கத்தைப் பெயின்ட் அடித்து மறைத்திருந்தால் சந்தேகப்படுங்கள்.

மாட்டும்போது வரும் சில்லறைத் தொல்லைகள்தான் நிஜமான தொல்லைகள். கார்பன் மின்சாரம் கடத்தும். ஈரம் பட்டால் அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் இரும்பையும் அலுமினியத்தையும் அரிக்க வைக்கும். ஆகவே உலோகத்தைத் தொடும் இடத்தில் கண்ணாடியிழை அடுக்கு ஒன்று போட்டு, உயர்ரக ஸ்டெயின்லெஸ் அல்லது டைட்டானிய போல்ட் போடுகிறோம். கடத்தும் என்றேனே தவிர, விளக்குக்கு எர்த் கொடுக்கும் அளவுக்குக் கடத்தாது. பாடியையே எர்த்தாக நம்பியிருக்கும் பழைய விளக்குகளுக்குத் தனி வயர் இழுக்க வேண்டும், இல்லையென்றால் ஹெட்லைட் மினுக் மினுக்கென்று அழும். பானெட்டைத் தூக்கி நிறுத்தும் கேஸ் ஸ்ட்ரட் இரும்பின் எடைக்கு அளவெடுத்தது. அதையே விட்டால் லேசான கார்பன் பானெட்டை வளைத்துவிடும். வலுக்குறைந்ததை மாற்றியாக வேண்டும்.

பெயின்ட் அடிப்பதா, நெசவைக் காட்டுவதா என்று சண்டையே நடக்கும். என் கட்சி பெயின்ட். எபாக்ஸி பிசின் வெயிலின் புற ஊதாக் கதிரில் மஞ்சளாகும். மேலே நல்ல கிளியர் கோட் போட்டாலும் அதைப் பராமரிக்க வேண்டும். தவிர, 1972 காரில் கறுப்பு நெசவைக் காட்டுவது வயதான மனுஷருக்கு மகனுடைய சட்டையை மாட்டிய மாதிரி எனக்குப் படும். டாக்டர் காரின் பழைய மஞ்சள் நிறத்தையே அடிக்கச் சொன்னார். நெசவைக் காண ஆசைப்படுபவர்கள் பானெட்டைத் திறந்து அடிப்பக்கத்தைப் பார்த்துக்கொள்ளலாம்.

இதைப் படித்துவிட்டு வீட்டில் நிற்கும் பழைய காருக்குப் பாடி மாற்றலாமா என்று யோசிக்கும் தமிழ்நாட்டு வாசகர்களுக்கு: மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து வண்டியை மாற்றுவதற்குக் கட்டுப்பாடு விதிக்கிறது. வேலை தொடங்கும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிடுவது நல்லது.

எந்த நாட்டில் இருந்தாலும் ஒரு வேண்டுகோள். கழற்றிய இரும்பு பேனலைக் காயலான் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். துருவைச் சுரண்டி, ப்ரைமர் அடித்து, காரின் சேசிஸ் நம்பரை எழுதிக் கட்டி, காய்ந்த இடத்தில் தொங்கவிடுங்கள். போல்ட்டில் நிற்பதை மட்டும் மாற்றியிருந்தால், நாளைக்கு இந்தக் காரை வாங்குபவர் அசல் தகட்டையே மறுபடி மாட்டிக்கொள்ளலாம். டாக்டரின் இரண்டு ஃபெண்டர்களும் பானெட்டும் அவருடைய கராஜ் கூரையில் இப்போது அப்படித்தான் தொங்குகின்றன.